இப்பத்தான் வுயுந்தான்

ராயபுரம்
27 பிப்ரவரி 2025

டென்னிஸ்,

உன் மனைவி கிறிஸ்டினாவிடம் தூத்துக்குடி விலாசத்தை வாங்கி எழுதுகிறேன். உன் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. என் போன் கடலில் கிடக்கிறது. புதுசு வாங்கினாலும் என்னால் பேச முடியாது. உப்புத் தண்ணீர் தொண்டையைப் புண்ணாக்கிவிட்டது, ஒரு மாசம் வாயைத் திறக்காதே என்கிறார் டாக்டர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் ஒரு முழுத் தாள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் உயிரோடு இருக்கிறேன். அதை நானே உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பதினெட்டு நாளில் யார்டில் இருக்கிற அத்தனை பேரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கேட் செக்யூரிட்டி கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். நீ வரவில்லை. ஒன்பது வருஷம் நான் கிரேன் கேபினில், நீ கீழே சிக்னல் கொடுத்துக்கொண்டு. உன் கையைப் பார்க்காமல் நான் ஒரு கண்டெய்னரை இறக்கியதில்லை. நான் கிடைத்த செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. அன்று மாலையே நீ வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டாய் என்கிறார்கள்.

அன்றைக்கு என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன். உன் பக்கத்தை நீ எழுது.

ஆழ்கடலில் மீன் பிடிக்கப் போகலாம் என்று சூப்பர்வைசர் பொன்ராஜ் சார் ஒரு வருஷமாக நச்சரித்த ஞாயிற்றுக்கிழமை அது. விடியற்காலையில் காசிமேட்டில் நம் யார்டு திலீப்பின் அண்ணன் பாஸ்கரின் படகில் ஏறினோம். பத்தரை மணி வரை நல்ல நாள். ஒரு கூடை சங்கரா மீன், இரண்டு பாறை மீன். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை திலீப்தான் முதலில் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பொன்ராஜ் சாரும் எடுத்தார். “இன்னும் கொஞ்சம் உள்ள போனா வஞ்சிரம் மாட்டும்” என்று பாஸ்கர் நேர் கிழக்கே விட்டார். அவர் கேபினில் சுக்கான் பிடித்திருந்தார். பொன்ராஜ் சாரும் திலீப்பும் கேபினுக்கு முன்னால் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டார்கள். பின்னால் நீயும் நானும் மட்டும்.

ஒன்றுக்குப் போக விளிம்பில் ஏறி நின்றேன். “சட்டைய புட்ச்சிக்கோ மாமு” என்றேன். நீ பிடித்தாய். அந்தப் பிடி முதுகில் தெரிந்தது. அடுத்து நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

மேலே வந்தபோது படகு போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயமே வரவில்லை, நம்பு. டென்னிஸ் இருக்கிறான், இப்போது கத்துவான், திரும்பிவிடும் என்று மிதந்துகொண்டிருந்தேன். அது திரும்பவில்லை. அலை தூக்கும்போது தெரிந்தது, இறக்கும்போது மறைந்தது. ஒவ்வொரு முறை தெரியும்போதும் முன்னைவிடச் சின்னதாக இருந்தது. கடைசியில் வெகு தூரத்தில் நின்றது. வட்டம் போட ஆரம்பித்தது. அங்கேயே, நான் இல்லாத இடத்தில்.

சட்டையைக் கழற்றி ஆட்டினேன். கத்தினேன், தொண்டை அப்போதே போய்விட்டது. நீங்கள் என்னை அங்கே தேடுவதை நான் இங்கே இருந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அப்புறம் அந்தப் புள்ளியும் போய்விட்டது.

மீன்பெட்டியிலிருந்து உடைந்த தெர்மகோல் துண்டு ஒன்று மிதந்து வந்தது. அதை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பழவேற்காட்டுப் படகு ஒன்று என்னைத் தூக்கி ஏற்றிக்கொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து வீட்டு நம்பர் கேட்டார்கள். பேச வாய் இல்லை, எழுதிக்காட்ட நம்பர் ஞாபகம் இல்லை. கட்டின மனைவி பிலோமியின் நம்பரில்கூடக் கடைசி இரண்டு எண்தான் வந்தது. காலையில்தான் ராயபுரம் தேவாலயத்தின் பெயரை எழுதிக் காட்டினேன், அங்கிருந்து வீட்டுக்குச் செய்தி போனது.

திங்கட்கிழமை பகல் வீட்டுக்கு வந்தேன். சந்து முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. செய்தி தெரியாமல் வந்த பொன்ராஜ் சார் கையில் மாலை. என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிலோமி என் முகத்தைத் தொடவில்லை. காலைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

யாருக்கும் உன்மேல் கோபம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஏன் அங்கே சுற்றினீர்கள்?

அருள்நாதன்


தூத்துக்குடி
6 மார்ச் 2025

அன்பு அருளுக்கும் சகோதரி பிலோமிக்கும்,

ஆண்டவர் உங்கள் குடும்பத்தைக் கைவிடவில்லை. உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்க முடியாமல் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்துதான் படித்தேன். நேற்று சாம்பல் புதன். கோவிலில் நெற்றியில் சாம்பல் வைத்தபோது உனக்காக வேண்டிக்கொண்டேன்.

இங்கே அக்கா வீட்டுக்காரர் உப்புக் கிடங்கு ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார். நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டாத வேலை. எனக்கு அது போதும். யார்டின் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இந்த முடிவு முன்பே மனதில் இருந்ததுதான். அவசரமாகக் கிளம்பியதற்கு வேறு காரணம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். கடலில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று நமக்கு என்ன தெரியும்? நீ விழுந்த இடத்தில்தான் தேடினோம். அதற்குள் ஓட்டம் உன்னை எங்கோ கொண்டுபோயிருக்கும். படகின் போக்கைத் தீர்மானித்தது பாஸ்கர் அண்ணன். அவர் என்ன கணக்கில் சுற்றினாரோ, நான் எப்படிச் சொல்வது? டீசல் குறைகிறது என்றும் அவர்தான் சொன்னார். பொன்ராஜ் சார் அழுதார். நான் எவ்வளவோ மன்றாடினேன்.

உன் சட்டையை நான் பிடித்திருந்தேன். அலை ஒன்று தூக்கிப் போட்டதில் கை நழுவிவிட்டது. அதற்காக வாழ்நாள் முழுக்க வருந்துவேன்.

தொண்டைக்குச் சுடுதண்ணீரில் மஞ்சள் போட்டுக் கொப்பளி. அதிகம் யோசிக்காதே. பிலோமியிடம் என் வணக்கத்தைச் சொல்.

என்றும் உன்
டென்னிஸ்


ராயபுரம்
13 மார்ச் 2025

டென்னிஸ்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாஸ்கரைப் பார்க்கத் திருவொற்றியூர் போனேன். அதைக் காட்டவில்லை, பையில்தான் வைத்திருந்தேன்.

அந்த மனிதர் இளைத்துவிட்டார். படகு ஒரு மாசமாகக் கட்டியே கிடக்கிறது. பட்டப்பகலில், புயல் மழை இல்லாத கடலில், விழுந்த ஆளைத் தேடிப் பிடிக்கத் தெரியாதவன் என்று குப்பத்தில் பேசுகிறார்களாம். அவரோடு கடலுக்குப் போக ஒருத்தரும் ஏறுவதில்லை. அவருடைய சொந்த மைத்துனன் வேறு படகுக்குப் போய்விட்டான். “எனக்கே தெர்ல நைனா” என்றார். “முப்பது வருசம் தொயில் பண்ணிக்கினு கீறேன். ஒரு ஆளு தலை கண்ல படலன்னா என் கண்ணுல இன்னாமோ கோளாறு கீது.” ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்திருக்கிறார், டென்னிஸ். சீட்டை எடுத்துக் காட்டினார். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது.

பிறகு ஜிபிஎஸ் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். நீ “விழுந்துட்டான்” என்று சொன்னதும் அவர் அந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அதைச் சுற்றித்தான் தேடினார், ஓட்டம் போகிற வடக்குப் பக்கமும் போய்த் தேடினார். தொழில் தெரிந்தவன் செய்வதைத்தான் செய்தார். “நீ எங்க இர்ந்த?” என்று கேட்டார். நான் தாளில் கோடு போட்டுக் காட்டினேன். படகு எனக்குக் கிழக்கே இருந்தது. சூரியன் இருந்த பக்கம். கண் கூசியதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியென்றால் நான் உங்களுக்கு மேற்கே.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓட்டம் வடக்க இய்க்கும். மேக்க எப்டி இய்க்கும்?” என்றார்.

நாம் மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். நான் மேற்கே இருந்தேன் என்றால், நான் விழுந்த பிறகும் படகு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வெகு தூரம். பாஸ்கர் குறித்த இடம் நான் விழுந்த இடம் இல்லை. நீ சொன்ன இடம்.

பாஸ்கரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கே புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

நீ எனக்கு மஞ்சள் தண்ணீர் வைத்தியம் எழுதியிருக்கிறாய். பாஸ்கர் என்ன கணக்கில் சுற்றினாரோ என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ எழுதியிருக்கக் கூடாது.

நான் விழுந்தபோது நீ ஒரு முழ தூரத்தில் நின்றாய். எத்தனை நேரம் கழித்துச் சொன்னாய்?

அருள்


தூத்துக்குடி
20 மார்ச் 2025

அருள்,

இதை நாலாவது முறையாக எழுதுகிறேன். முன்பு எழுதிய மூன்றையும் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

உன் சட்டையை இடது கையில் பிடித்திருந்தேன். வலது கையில் போன். நீ விளிம்பில் நிற்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். யார்டு குரூப்பில் போட்டு எல்லோரும் சிரிக்கலாம் என்று. படகு தூக்கிப் போட்டது. எதையாவது பிடித்தால்தான் நான் நிற்க முடியும். ஒரு கையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. போனை விடவில்லை. உன் சட்டையை விட்டேன்.

நீ விழுந்ததைப் பார்த்தேன். நீ மேலே வந்ததையும் பார்த்தேன். உன் முகம் எனக்கு நேராக இருந்தது. கோபமோ பயமோ அதில் இல்லை. நான் அடுத்து செய்ய வேண்டியதைச் செய்வேன் என்று காத்திருக்கிற முகம். கிரேன் கேபினிலிருந்து கீழே என் கையைப் பார்க்கும்போது இருக்குமே, அதே முகம்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

இதை எப்படி எழுதினால் நீ நம்புவாய் என்று தெரியவில்லை. கத்துவதுதான் என் பிழைப்பு. ‘நிறுத்து’ என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை கத்தியிருப்பேன். தூக்கத்தில் கூடக் கத்துகிறேன் என்று கிறிஸ்டினா சொல்வாள். அன்றைக்கு வரவில்லை. கேபின் ஒன்பதடி தூரம். நடந்து போய்ப் பாஸ்கரின் தோளைத் தட்டினால் போதும். கால் போகவில்லை. யோசிக்கவும் இல்லை. எதுவுமே இல்லை. வெள்ளையாக இருந்தது. எத்தனை நேரம் என்று கேட்கிறாய். இரண்டு நிமிஷம் இருக்கும். மூன்று இருக்கலாம்.

பொன்ராஜ் சார் தண்ணீர் பாட்டில் எடுக்கப் பின்னால் வந்தார். “எங்கப்பா அருளு?” என்றார். அப்போதுதான் குரல் வந்தது. நான் சொன்னது, “இப்பத்தான் வுயுந்தான்.”

ஏன் ‘இப்பத்தான்’ என்றேன்? அந்த வார்த்தையை நான் தேடி எடுக்கவில்லை, அருள். அதுவாக வந்தது. இவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தைதானே, படகு திரும்பினால் கொஞ்ச தூரத்தில் கிடைத்துவிடுவாய் என்று நினைத்தேன். பாஸ்கர் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டார். இந்த வட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் அடுத்த வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. ஒரு தடவை மட்டும், “மேக்கயும் ஒரு தபா பாக்கலாமா அண்ணே” என்றேன். “நீதான இங்கன்ன” என்றார் பாஸ்கர். நான் ஆமாம் என்றேன்.

கரைக்கு வந்து விசாரித்தவர்களிடமும் அதே இடத்தைச் சொன்னேன். அவர்களும் அங்கேதான் போய்த் தேடினார்கள். காசிமேட்டில் பிலோமி ஓடி வந்து, “எந்தப் பக்கம் டென்னிசு, எந்தப் பக்கம்” என்று கேட்டாள். கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். திங்கட்கிழமை காலையில் திலீப் என் வீட்டுக் கதவைத் தட்டி, “அருளு உசுரோட கீறான்” என்றான். கிறிஸ்டினா மண்டியிட்டு அழுதாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம். நீ வந்து சொல்லிவிடுவாய் என்கிற பயம். என் உயிர்த் தோஸ்து பிழைத்துவிட்டான் என்று கேட்டு நான் பையை எடுத்துத் துணியை அடுக்கினேன். அப்படிப்பட்ட ஒருவன் எனக்குள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனை உள்ளே வைத்துக்கொண்டு ஒரே ஊரில் உன் முன்னால் நடமாட முடியாது என்றுதான் ரயில் ஏறினேன்.

வீடியோ போனில் இருக்கும். நான் பார்க்கவில்லை. கரையில் இறங்கியதும் அணைத்தது, இன்னும் போடவில்லை.

டென்னிஸ்


ராயபுரம்
27 மார்ச் 2025

டென்னிஸ்,

உன் கடிதம் யார்டு விலாசத்துக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். படித்து முடித்தபோது ஷிஃப்ட் முடிந்திருந்தது. நடுவில் யாரோ வந்து என் தோளைத் தொட்டதாக நினைவு. பொன்ராஜ் சார் வேறு ஆளைக் கேபினில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

பிலோமியிடம் காட்டுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். அவளே சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. “அந்தப் பக்கமே பாத்துகினு இருந்தேனே” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து துணி துவைக்கும்போதும் சாதம் வடிக்கும்போதும் அதையேதான் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று செருப்பை மாட்டிக்கொண்டு கிறிஸ்டினாவிடம் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்டினாவுக்கும் இப்போதுதான் தெரியும் போலிருக்கிறது.

கடலில் இருந்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. டென்னிஸ் அந்தப் படகில் இருக்கிறான், அவன் விடமாட்டான் என்று. அதை வைத்துத்தான் முதல் ஒரு மணி நேரம் மிதந்தேன். அது பொய் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அதில்தான் மிதந்தேன். இதை என்ன செய்வது?

அதெல்லாம் கிடக்கட்டும். பாஸ்கர் விஷயம் கிடக்க முடியாது. வீட்டில் அடுப்பெரிய அவர் மனைவி மங்கை கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்கிறார். கணவர் கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்து தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். உன் கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். செய்ய மாட்டேன். அது உன் வாயிலிருந்து வர வேண்டும். போனையும் கொண்டு வா. வார்த்தையை மட்டும் வைத்து அந்தக் குப்பத்தில் யாரும் இனி உன்னை நம்பப் போவதில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி. பாஸ்கர் படகு கட்டியிருக்கிற இடம்.

அருள்நாதன்


தூத்துக்குடி
1 ஏப்ரல் 2025

அருள்,

கடிதமாக எழுதிப் பாஸ்கர் அண்ணனுக்கே அனுப்பிவிடுகிறேன், நேரில் வேண்டாம் என்று உன்னிடம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அதுவும் இன்னொரு வட்டம் என்று தெரிந்தது.

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன், திறக்கவில்லை. அதை நீங்கள் பார்க்கும்போது என்னைப் பார்க்கச் சொல்லாதே. மற்ற எது சொன்னாலும் செய்கிறேன்.

டென்னிஸ்


ராயபுரம்
10 ஏப்ரல் 2025

டென்னிஸ்,

நீ வந்தாய், சொன்னாய், போய்விட்டாய். நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் தொண்டை சரியாகிவிட்டது, பேசியிருக்கலாம். வரவில்லை. நீ எழுதிய அந்த வெள்ளை என்னவென்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

பாஸ்கரும் திலீப்பும் நானும் வீடியோ பார்த்தபோது நீ வலைக் குவியல் பக்கம் முதுகைக் காட்டி நின்றாய். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் நீ இருக்கக் கூடாது என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் என் முதுகு. நீ சிரிக்கிற சத்தம். “வெக்கமா கீதுடா, எடுக்காத” என்கிறேன் நான். படம் குலுங்குகிறது. முதுகு இல்லை. வெள்ளை நுரை மட்டும். நுரைக்குள்ளிருந்து கறுப்பாக என் தலை வருகிறது. அப்போது என் குரல் கேட்கிறது. “டென்னிசு” என்று. ஒரே தடவை. நான் கூப்பிட்டேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை. இந்த இரண்டு மாசத்தில் எத்தனையோ முறை அதை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டது ஒரு தடவை கூட வந்ததில்லை.

பிறகு உன் கை கீழே தொங்கிவிட்டது போல. படத்தில் பலகையும் உன் இரண்டு காலும்தான். இன்ஜின் சத்தம். வேறு ஒன்றும் இல்லை. “முன்னால ஓட்டிவுடுண்ணா” என்றான் திலீப். “கைய வெக்காத” என்றார் பாஸ்கர். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்று உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. கட்டைவிரல் இரண்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு வளைந்திருந்தன. நகம் வெளுத்துப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. அது போய்விட்டது. அந்தக் கால் உயிருள்ள மனிதனுடையது மாதிரியே இல்லை.

பொன்ராஜ் சாரின் நீலச் செருப்பு வருகிறது. “எங்கப்பா அருளு?” உன் குரல். அந்த வார்த்தை. பாஸ்கர் அங்கே நிறுத்தினார்.

ஏழு நிமிஷம், டென்னிஸ். நீ இரண்டு என்றாய், மூன்று என்றாய். ஏழு நிமிஷம் பதினோரு நொடி. பாஸ்கர் விரலால் மணலில் கணக்குப் போட்டார். அவர் போன வேகத்துக்கு ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு முகம் கோணிவிட்டது. கடலுக்குள் முழங்கால் வரை இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். திரும்பி வந்து என்னிடம், “ரெண்டு மாசமா என் கண்ணத்தான் நான் திட்டிகினு இர்ந்தேன்” என்றார். அவ்வளவுதான்.

மீன் ஏலக் கொட்டகையில் குப்பத்து ஆட்கள் முன்னால் நீ பேசியபோது நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். முதலில் உன் குரல் எழும்பவில்லை. “சத்தமா சொல்லு” என்று யாரோ சொன்னார்கள். இரண்டாம் முறை எல்லோருக்கும் கேட்டது. ஒரு வார்த்தையையும் நீ விடவில்லை. போன், சட்டை, பொய், மேற்கு, எல்லாவற்றையும் சொன்னாய். பாஸ்கரின் மைத்துனன் உன்னை அடிக்கக் கை ஓங்கியதும் பாஸ்கர்தான் குறுக்கே வந்தார். “அவன வுடு. வூட்டுக்குப் போவட்டும்” என்றார். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்த மைத்துனன் படகில் ஏறித் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைக்க ஆரம்பித்தான். கேட்காமலே இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனார்கள். மங்கை எங்கள் வீட்டுக்கு ஒரு வஞ்சிரம் கொடுத்தனுப்பியிருந்தார். பிலோமி குழம்பு வைத்தாள், எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

நீ போகும்போது என் பக்கம் ஒரு முறை திரும்பினாய். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இந்த இரண்டு மாசத்தில் பொய்யால் பட்டது போதும். பிலோமி இன்னும் சில நேரம் நடுவேலையில் கிழக்குப் பக்கம் பார்த்தபடி நின்றுவிடுகிறாள். அது நிற்கிற வரைக்கும் என்னிடம் எதையும் கேட்காதே.

ஆனால் அங்கேயே கிடக்காதே. கிறிஸ்டினா தனியாக இருக்கிறாள். பேச வேண்டாத வேலையில் இருந்தால் உனக்குள் இருக்கிற அந்த இன்னொருவன்தான் பேசிக்கொண்டிருப்பான்.

பொன்ராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இப்பத்தான்னு சொன்னது எங்கிட்டதானேப்பா” என்றார். அப்புறம் ரிஜிஸ்டரை எடுத்து உன் ராஜினாமாத் தாளை உருவி என் கையில் கொடுத்தார். அவர் அதை மேலே அனுப்பவே இல்லை.

மூன்றாம் நம்பர் கிரேனுக்குச் சிக்னல்மேன் இல்லை. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஷிஃப்ட். என் கிரேனுக்கு வராதே. அதில் உன் கையைப் பார்த்து என்னால் எதையும் இறக்க முடியாது. இனிமேல் எப்போதும் முடியாமலே போகலாம்.

வரும்போது ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள். குரல் வராத நாளிலும் மூச்சு இருக்கும்.

அருள்நாதன்